வானொலியில் மணமாகாதவன்

உங்கள் மனைவி உங்கள் மனைவிதான் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது? தாலி என்று சொல்லாதீர்கள். ஜோஸ்லின் கழுத்திலும் தாலி இருந்தது.

எங்கள் தீவின் தலைநகரான போர்ட் லூயியில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குகிறவர்களுக்கு நடந்தபடியே ஊரைக் காட்டுவது அவள் பிழைப்பு. கையில் எப்போதும் ஒரு மஞ்சள் குடை. மழைக்கும் அல்ல, வெயிலுக்கும் அல்ல, கூட்டத்தில் யாரும் அவளைத் தவறவிடாமல் இருக்க. கூலிகள் கரையேறிய கல் படிக்கட்டில் தொடங்குவாள். சந்தை, பள்ளிவாசல், சீனர் தெரு, குதிரைப் பந்தயத் திடல் என்று இழுத்துக்கொண்டு போய், குன்றின் மேலுள்ள பழைய கோட்டையில்தான் மூச்சுவிட அனுமதிப்பாள். உரக்கச் சிரிக்கிற கிரியோல் பெண். அவள் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். அவள் கணவன் பர்மசீவனின் முன்னோர்கள் தமிழ்க் கரையில் கப்பலேறிக் கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள்.

"எங்க ஆளுங்களுக்குச் சங்கிலி, இவங்க ஆளுங்களுக்கு ஒப்பந்தம். பிரம்பு மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்று படிக்கட்டில் நின்று சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

சீவன் என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிட்டோம். சீனர் தெரு முனையில் கண்ணாடிப் பெட்டி வைத்து மிளகாய் வடை போட்டுக்கொண்டிருந்தான். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான். அதைக் கழற்றினால் வடையும் தெரியாது, வாணலியும் தெரியாது. ஜோஸ்லினின் கூட்டம் தினமும் அங்கே நிற்கும்.

"வடைய வாங்கிக்குங்க. வடை போடறவர விலை கேக்காதீங்க, அவர் எப்பவோ வித்துப் போயிட்டார்" என்பாள்.

சீவன் வாணலியிலிருந்து தலை தூக்காமலே பதில் சொல்வான்: "வாங்குனவ திருப்பிக் குடுக்கலாம்னு பாக்கறா, ஒருத்தனும் எடுத்துக்க மாட்டேங்கறான்."

அவர்கள் கல்யாணம் கோவிலில் நடந்தது. சீவனின் அப்பா வரவில்லை, அண்ணன் தேவராஜன் வரவில்லை. ஜோஸ்லின் வீட்டாரும் வரவில்லை. வந்தவர்கள் சந்தைக்காரர்கள். குருக்கள் மந்திரம் சொன்னார், சீவன் தாலி கட்டினான், எல்லோரும் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிட்டோம். சட்டப்படி பதிவு செய்யவில்லை. பதிவு செய்ய வேண்டுமானால் முதலில் இரண்டு பேர் பெயரையும் அலுவலகச் சுவரில் சில நாள் ஒட்டி வைப்பார்கள். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போய்ச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். கோவிலில் நடந்ததை வதந்தி என்று அப்பாவால் தள்ளிவிட முடியும், அரசாங்கச் சுவரைத் தள்ள முடியாதே என்று சீவன் பயந்தான். "அப்பா காலம் முடியட்டும், அப்புறம் பதிஞ்சுக்கலாம்" என்றான். அப்பா தொண்ணூறு தாண்டி இருந்தார். அவர் போன பிறகு இரண்டு பேருக்குமே அது மறந்துவிட்டது.

"ஊரே பாத்துச்சே, இனிமே காகிதம் எதுக்கு?" என்பாள் ஜோஸ்லின்.

எங்கள் தீவில் இப்படி நினைத்து ஏமாந்த பெண்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். மந்திரம் சொன்னவர், ஓதியவர், ஆசி கொடுத்தவர் யாரும் பின்னால் வந்து சாட்சி சொல்வதில்லை. கோவில் அவளைச் சட்டத்தின் முன்னால் மனைவியாக்கவில்லை. அவளுடைய தேவாலயமோ, பாவத்தில் வாழ்கிறவள் என்று நற்கருணையே தர மறுத்தது. இரண்டு கடவுள்களின் ஆட்களும் சேர்ந்து அவளைத் தெருவில் விட்டார்கள்.

சட்டம் தன்னை மனைவியாக மதிக்காது என்பது தெரியாமலே வருடங்கள் ஓடின. போன மார்ச்சில் ஒரு நாள் பிற்பகல் சீவனுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பார்வை நேரம் முடியும் வரை ஜோஸ்லின் பக்கத்திலேயே இருந்தாள். கிளம்பும்போது அவன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான்.

"இங்க வச்சா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான். நாளைக்கு வரும்போது கொண்டா. நீ இல்லாதப்ப நான் யாரைப் பாக்கப்போறேன்?"

மறுநாள் நண்பகலில்தான் மறுபடி உள்ளே விடுவார்கள். அதுவரை வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாது என்று குடையை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். சந்தைக்கு எதிரே பழைய புத்தகக் கடை என்னுடையது. கூட்டத்தோடு போகும்போது, "சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க, உங்களத் திட்டணும்னு சொல்லிட்டிருக்கார்" என்று கத்தினாள். நான் சீவனுக்குக் கொடுத்த புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லையாம்.

அன்று சீவனின் பெட்டி பூட்டிக் கிடந்ததால், என் கடையை ஒட்டிய சுலைமானின் தள்ளுவண்டியில் பருப்புப் பூரி வாங்கிக் கொடுத்தாள். கூட்டத்தில் ஒரு பிரெஞ்சுக்காரி, விரலை நக்கிக்கொண்டே, "இங்கே இத்தனை இனங்கள் சேர்ந்து வாழ்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஜோஸ்லினிடம் பதில் தயாராக இருக்கும்.

"நாங்க ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்பிடுவோம், ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்குவோம். என்னையே பாருங்க..."

சுலைமானின் வானொலியில் மரண அறிவிப்பு தொடங்கியது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் கத்தி பிடித்த கைகூட நின்றுவிடும். யார் போனார், யாருக்கு என்ன உறவு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று வாசிப்பார்கள்.

"ரெங்கசாமி பர்மசீவன். மணமாகாதவர். தேவராஜனின் தம்பி, பார்வதியின் கொழுந்தன். இறுதி ஊர்வலம் இன்று மாலை அண்ணன் இல்லத்திலிருந்து."

சுலைமான் வானொலியை அணைத்தான்.

"அது வேற சீவன்" என்றாள் ஜோஸ்லின். "மணமாகாதவர்னு சொன்னாங்க பாருங்க. வேற யாரோ."

அவள் பையைத் திறந்து கண்ணாடிக் கூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "கோட்டை அந்தப் பக்கம். நேரா ஏறிப் போங்க" என்று சொல்லி, குடையைப் பிரெஞ்சுக்காரியின் கையில் திணித்துவிட்டு நடந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

மருத்துவமனைப் பிணவறை ஊழியர் நல்ல மனிதர். அதுதான் கொடுமை. திட்டக்கூட ஆள் இல்லை.

"விடியக்காலையில போயிட்டாரும்மா. அடையாள அட்டையில இருந்த வீட்டுக்குத் தகவல் சொன்னோம். குடும்பத்துக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நான்தான்யா குடும்பம்."

"அண்ணன்கிட்ட கேட்டேம்மா, சம்சாரம் உண்டான்னு. இல்லைன்னார். நான் என்ன பண்ணட்டும்?"

அட்டையில் அப்பா வீட்டு விலாசம். அதையும் மாற்றாமலே விட்டிருந்தான்.

தேவராஜன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பார்வதி எதிரே வந்தாள். துரத்தவில்லை. அதைவிட மோசம், உபசரித்தாள்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றி. உக்காருங்க. காப்பி எடுத்துக்குங்க" என்று பிஸ்கட் தட்டை நீட்டினாள்.

தன் புருஷன் சாவுக்கு வந்த விருந்தாளியாக ஜோஸ்லின் அந்தத் தட்டைக் கையில் வாங்கினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணி, ஒரு தடவ முகத்தப் பாக்கணும். அவர் கண்ணாடி எங்கிட்ட இருக்கு. அது இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"பெட்டிய மூடியாச்சும்மா. மெல்லப் பேசுங்க, ஊர் பாக்குது."

நான் தேவராஜனைத் தனியே இழுத்தேன். "இவ உங்க தம்பி பொண்டாட்டின்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "இன்னைக்கு பொண்டாட்டின்னு சொன்னா நாளைக்கு அப்பா வீட்டுல பங்கு கேப்பா. நான் பிள்ளைகுட்டிக்காரன். எங்க பேரு அவ பேரோட எந்தப் பதிவுலயாவது எழுதிருக்கா? காட்டச் சொல்லுங்க, தூக்கித் தரேன்."

பந்தலுக்குள் இருந்த அவளுக்கும் அது கேட்டது. கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். பந்தலில் இருந்த ஒருவரும் பார்க்கவில்லை. காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். கல்யாணத்தன்று கோவிலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். சாட்சி சொல்லுங்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவர் எழுந்து வெளியே போனார். இன்னொருவர், "குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு?" என்றார்.

ஊர்வலம் கிளம்பியது. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் தெரு முனையில் எல்லாப் பெண்களும் நின்றுவிட்டார்கள். அவளும் நிறுத்தப்பட்டாள். கண்ணாடிக் கூட்டை என் சட்டைப் பையில் போட்டு, "நீங்க ஆம்பள. உங்கள விடுவாங்க" என்றாள்.

விட்டார்கள். நான் சீவனுக்குப் புத்தகம் விற்றவன், வடை தின்றவன், அவ்வளவுதான். யாரும் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. பெட்டிக்கு ஒரு கை கொடுக்கச் சொன்னார்கள். வாய்க்கரிசியை மூடிய பெட்டியின் மேலேயே போடச் சொன்னார்கள். இறந்தவனுக்குக் கண்ணாடி எதற்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். இருந்தும், மூடியை ஒரு நிமிடம் திறக்கச் சொல்லிக் கேட்டேன். பெட்டிக்காரர் தேவராஜனைப் பார்த்தார். தேவராஜன் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தீ வைத்தார்கள்.

திரும்பி வந்தபோது ஜோஸ்லின் அதே முனையில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியை அவள் கையில் கொடுத்தேன். முந்தானை இல்லாத அந்தக் கிரியோல் பெண் தன் பாவாடை ஓரத்தில் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு ஒரு நாள் அவளை வழக்கறிஞர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். சட்டப் புத்தகத்தில் அவளுக்கு இடம் தேடினார். கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார்.

இப்போதும் கல் படிக்கட்டிலிருந்து கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போகிறாள். சீனர் தெரு முனையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறாள். எப்படிச் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்ற கேள்வி இன்னும் வருகிறது. "ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்பிடுவோம்" என்கிறாள். அதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

உங்கள் தெருவிலும் மாலை மாற்றியதோடு நிறுத்திக்கொண்ட ஒரு சோடி இருக்கும். அவர்களுக்கு ஆசி வேண்டாம். நாளைக் காலை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பதிவு அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். சாட்சிக் கையெழுத்தையும் நீங்களே போடுங்கள்.