குதிரைக் காம்பராவுக்கு நான் சூட்டிய பெயர்

இலங்கை மலையகத்து அட்டன் நகரைப் பற்றி அண்மையில் வெளிவந்த ஒரு மலரில், "வெண்முகில் உறையுள்" என்னும் அழகிய பெயரைத் தந்தவன் என்று என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டு அச்சேறிவிட்டது. அந்தப் பெயரால் விளைந்ததை அறிந்தவன் இந்நகரில் நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன். இனியும் வாய் திறவாதிருந்தால், முன்பு சொன்ன பொய்யோடு இன்னொன்றும் சேரும். ஆதலால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் முற்பகுதி அது. கடைத்தெருவுக்குப் பின்புறச் சரிவில், தகரக் கூரையிட்ட பன்னிரண்டு அறைகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒரு காலத்தில் துரைமாரின் குதிரைகளைக் கட்டிய இடம். இடையிடையே சுவர் எழுப்பி வாடகைக்கு விட்ட பின்னரும் ஊரார் அதைக் குதிரைக் காம்பரா என்றே அழைத்தனர். தேயிலைத் தோட்டங்களை விட்டு நகரத்தில் வேலை தேடி வந்த குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. முதல் அறையில் நான் இருந்தேன்; பள்ளி ஆசிரியன். எல்லா அறைகளுக்கும் வரும் கடிதங்களை அஞ்சல்காரர் என்னிடமே தருவார். நான் உரியவர்க்குப் படித்துக் காட்டுவேன்.

அறைகளின் உரிமையாளர் கடைத்தெருவில் துணிக்கடை நடத்திய முஸ்லிம் வணிகர். ஒருநாள் என்னைக் கடைக்கு அழைத்தார்.

"மாஸ்டர், கந்தோர்ல கிளார்க்கு வேலை செய்ற ஆளுங்க வந்து பாக்குறாங்க. எடம் புடிக்குது. பேரைக் கேட்டதும் சிரிச்சிட்டுப் போயிர்றாங்க. நீங்க நல்ல பேரா ஒண்ணு வச்சுக் குடுங்க. போர்டு, கடுதாசித் தலைப்பு எல்லாம் புதுசாப் போட்டிருவோம்."

ஒரு கிழமை, ஏழு நாளும், அதே நினைவாக இருந்தேன். பெயரை ஆக்கினேன். கதவுகள் அனைத்துக்கும் ஒரே பச்சை, சுவர்களுக்கு வெண்மை என வகுத்தேன். சின்னம் ஒன்றும் வேண்டும் என்றேன்.

"ரெண்டு எலையும் ஒரு மொட்டும் போட்டா என்ன மாஸ்டர்? நம்ம ஊரு அடையாளமாச்சே."

"அது தோட்டத்து வாடை. வேண்டாம்" என்றேன்.

நான் பூண்டுலோயாவில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்தவன். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் சோறூட்டி என்னை வளர்த்தவர் என் தாய். அச்சொல் சற்றும் தடுமாறாமல் என் வாயிலிருந்து வந்தது.

அன்னப்பறவையைத் தேர்ந்தேன். பலகை எழுத வந்தவர் அன்னத்தைக் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. பலகை ஏறிய காலையில், நான்காம் அறைப் பெண் இடுப்பில் குடத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாஸ்டரு, குதிரை போயி வாத்து வந்திருச்சுங்களா?"

"அது அன்னம்."

"அன்னமோ வாத்தோ, கூரை ஒழுகுறது நிக்குமாங்க?"

குழாயடியே சிரித்தது. எனக்குச் சினம். நான் வைத்த பெயரை எவரும் வழங்கவில்லை என்பது அதனினும் பெரிய சினம். ஆகவே ஒரு விதி செய்தேன். பழைய பெயரிட்டு வரும் கடிதங்களை ஏற்பதில்லை. உறைமேல் "இப்படி ஓர் இடம் இங்கில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி, அஞ்சல்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அக்கரப்பத்தனையிலிருந்து உறவினர் எழுதியவை அவ்வாறு திரும்பிப் போய், அவர்கள் ஆளனுப்பி விசாரித்தபின், சில நாளில் புதுப் பெயர் தாங்கி வந்தன. என் முறை வென்றது என மகிழ்ந்தேன்.

நான்காம் அறைப் பெண்ணின் கணவர் புகையிரத நிலையத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுபவர். இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை அவர் மெய்ப்பிக்க வேண்டும். விசாரணைக்கு அழைப்பு வரும். மாலைதோறும் என் கதவருகில் நிற்பார்.

"மாஸ்டர், பிரஜாவுரிமைக் கடுதாசி வந்துச்சுங்களா?"

ஒரு காலை அது வந்தது. பழுப்பு உறை, அரச முத்திரை, அவர் பெயர். அதன் கீழே குதிரைக் காம்பரா, அட்டன். யாருடையது என்று தெரியும், எதற்கென்றும் தெரியும். அரசே நான் சூட்டிய பெயரை எழுதினால் ஊர் எழுதாதா என்றொரு செருக்கு. இரண்டு கிழமையில் திருந்திய முகவரியோடு வந்துவிடும் என எண்ணி, வழக்கமான வரியை எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அது வரவேயில்லை. சில மாதங்களின் பின், விண்ணப்பத்தில் வேலையிடமாக அவர் குறித்திருந்த புகையிரத நிலைய முகவரிக்கு வேறொரு கடிதம் வந்தது. அவர் அதை என்னிடமே படிக்கக் கொண்டுவந்தார். விசாரணைக்கு அழைத்த மடல் "இப்படி ஓர் இடம் இங்கில்லை" என்ற குறிப்புடன் மீண்டதாம்; ஆகவே அவர் கூறிய இடத்தில் வாழ்ந்ததாகக் கொள்ள இயலாதாம்; விண்ணப்பம் தள்ளப்பட்டது. என் வரி அப்படியே அங்கிருந்தது.

"என்னாங்க போட்டிருக்கு?"

"தள்ளிவிட்டார்கள். விசாரணைக்குப் போகவில்லையாம்."

"கூப்புடவே இல்லீங்களே! கடுதாசி வந்தா மொதல்ல ஒங்க கைக்குத்தானே வரும்?"

அதில் ஐயம் இல்லை; நம்பிக்கைதான் இருந்தது. "வழியில் தவறியிருக்கும்" என்றேன்.

மேன்முறையீட்டையும் நானே எழுதினேன். மூன்று முறை திருத்தி, நடை பிசகாமல் எழுதினேன். உறைமேல் எழுதியவன் நான் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அதை எழுதியிருந்தால் என் பள்ளி அறிந்திருக்கும், ஊர் அறிந்திருக்கும். மேன்முறையீடும் தள்ளப்பட்டது.

குடியுரிமை இல்லாதவர்க்கு இங்கே நிலைத்த இடமில்லை; சில ஆண்டுகளில் அவர்கள் முன்னோரின் நாடான இந்தியாவுக்குப் புறப்பட்டனர். தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றியபின் அந்தப் பெண் என்னிடம் திரும்பினார்.

"அங்க போயிக் கடுதாசி போடச் சொல்றேன் மாஸ்டரு. புதுப் பேரைத்தான் எழுதணும், இல்லீங்களா? இல்லாட்டி வராதே."

அறிந்துதான் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கடிதம் எந்தப் பெயரிலும் வரவில்லை.

அறைகள் பன்னிரண்டுதானா, கதவுகளின் பச்சை எத்தகையது என்பவற்றில் என் நினைவு தவறியிருக்கலாம், அறிந்தோர் திருத்துக. அந்தக் குடும்பத்தார் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், எங்கேனும் என் பிழையை நான் சிறிதாக்கிக் காட்டியிருந்தால், அதை முதலில் திருத்துக.