மாரியாயிக்குக் கொடுத்த கூந்தல்

போன வருஷத்துக்கு முந்திய வருஷம், ஐப்பசி மழையில் என் இடது கால் வீங்கியது. தையல் மிஷின் மிதித்த வலிதான் என்று நினைத்தேன். எண்ணெய் தேய்த்தேன். வெந்நீர் ஊற்றினேன். இரண்டு நாளில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிட்டது. தரையில் ஊன்ற முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். கால் ஏன் வீங்கியது என்று எனக்கு உள்ளூரத் தெரியும்.

என் பெயர் ரேவதி. கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்காரி. செம்மேட்டில் ஒரு உரக்கடைக்குப் பின்னால் அறை எடுத்து ஜாக்கெட் தைக்கிறேன். நான் திருநங்கை. மாரியாயியை நம்புகிற உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னைப் பெரிய பக்தை என்று நினைத்துவிடாதீர்கள். சாமியிடம் சண்டை பிடிக்கிற ஆள் நான். பொறுமை கிடையாது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போதே அடுத்த ஜாக்கெட்டை வெட்டத் துடிப்பேன்.

அந்த அவசரம்தான் என்னைக் கவிழ்த்தது. உடம்பு பெண்ணாக மாற வேண்டும் என்று, டாக்டரைப் பார்க்காமல், மலைக்குக் கீழே ஒரு மருந்துக்கடையில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் பலிக்கும் என்று நானே எனக்கு டாக்டர் ஆனேன்.

வேறு வழியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகைக்கு என் அண்ணனுடைய மிளகுக் காட்டையே விலை பேசலாம். வட்டிக்கு வாங்கி ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தி இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசியில் காலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். கீழே அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கால் நரம்புல ரத்தம் கட்டியிருக்கும்மா. இது நெஞ்சுக்கு ஏறியிருந்தா நீ இங்க வந்து உக்காந்திருக்க மாட்ட. என்ன மாத்திரை சாப்பிட்ட?"

சொன்னேன். அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றேன். அவர் திட்டவில்லை. ரத்தம் இளக ஊசி போட்டார்கள். அந்த மாத்திரையை இனிக் கையால் தொடக் கூடாது என்றார். பிறகு, என்னைப் போன்றவர்களுக்கென்றே அதே ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள் தனியாகப் பார்க்கிறார்கள் என்றும், ஆபரேஷனே காசில்லாமல் செய்கிறார்கள் என்றும் சொன்னார். நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லையே என்ற கோபத்தில் வந்த அழுகை அது.

காசில்லாத ஆபரேஷன்தான். ஆனால் அதுவரை போய்ச் சேரக் காசு வேண்டும். ரத்த டெஸ்டில் பாதி வெளியில் எடுக்க வேண்டியிருந்தது. மாத்திரைக்குப் பதில் தோலில் தடவுகிற மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அது கடையில்தான் கிடைக்கும். மனநல டாக்டரைப் பார்க்க ஒரு நாள், அடையாள அட்டைக்கு ஒரு நாள், கால் டாக்டர் சம்மதம் சொல்ல இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸுக்கு ஓடி, கடைசி பஸ்ஸில் திரும்பினேன். காலால் மிஷின் மிதிக்கக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். காதுத் தோட்டை விற்று மிஷினுக்குச் சின்ன மோட்டார் வைத்தேன். வாடிக்கைக்காரர்கள் ஜாக்கெட்டுக்காகக் காத்திருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். "இந்தம்மா கால்ல சக்கரம் கட்டிட்டு வந்திருக்குது" என்று காவலாளி கேலி செய்வார்.

ஒரு வழியாக, அந்த மாசி போய் அடுத்த மாசியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை. வார்டில் உடன் இருக்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம், இந்தத் தேதியை விட்டால் மறுபடி வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னார்.

ராசிபுரத்தில் இருக்கிற செல்வி அக்கா, அவளும் திருநங்கைதான், கூட வருவதாகச் சொல்லியிருந்தாள். தேதிக்கு முந்திய வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு அவளையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். போனில் அவள் குரலே வரவில்லை. நான் யாரைக் கூப்பிடுவேன்? அப்பா அம்மா இல்லை. இருப்பது ஒரே அண்ணன். நான் சேலை கட்டிய நாளிலிருந்து அவன் என்னிடம் பேசுவதில்லை. சந்தையில் எதிரே வந்தால் மரவள்ளி மூட்டையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போவான். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சோறு இறங்கவில்லை. துணியை வெட்டினால் அளவு தப்பியது. ஒருத்தியின் பட்டு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடக் கையாகவே வெட்டிவிட்டேன். அன்றைக்குக் கத்தரியைப் போட்டுவிட்டு எங்கள் ஊர் மாரியாயி கோயிலுக்கு நடந்தேன். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றினேன். எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நல்ல உச்சி வெயில், எல்லோரும் காட்டில் இருந்தார்கள். அதற்காகத்தான் அந்த நேரம் போனேன்.

சந்நிதியில் நின்று சத்தமாகவே கேட்டேன். "இத்தனை தூரம் இழுத்துட்டு வந்து நடுவழியில விடறியே, இது உனக்கே நல்லா இருக்குதா? எனக்குக் காசு வேண்டாம். ஒரு ஆளை அனுப்பு. ஒரே ஒரு ஆளு." என்ன தருவாய் என்று அவள் கேட்பதுபோல இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது? கை தானாகப் பின்னால் போய்க் கூந்தலைப் பிடித்தது. "இதைத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எதைக் கொடுக்கிறேன் என்று உறைத்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் அது. பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பா என்னைக் கட்டிப்போட்டு மொட்டை அடித்ததற்கு அப்புறம் கத்தரியே படாமல் வளர்த்தது. மற்றப் பெண்களுக்கு முடி அழகுக்கு. எனக்கு அதுதான் ஆதாரம். தெருவில் என்னை ஒருவர் பெண் என்று எடுத்துக்கொண்டால், முதலில் அதைப் பார்த்துத்தான்.

மறுநாள் சந்தை. என் தையல் அறை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அண்ணி நிற்கிறாள், கையில் ஒரு ஜாக்கெட் துணியோடு. அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். அவள் என் கடைக்கு வந்ததே இல்லை. அண்ணனுக்குப் பயந்துகொண்டு வரமாட்டாள்.

"என்ற தங்கச்சி கல்யாணத்துக்குத் தைக்கோணும் கண்ணு. கீழ குடுத்தா அக்குள்ல புடிக்குது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன் இப்படிக் கருத்துக் கெடக்கற?"

எல்லாவற்றையும் கொட்டினேன். வேண்டுதலை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுவிட்டு, "பாக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள். "பாக்கறேன்" என்றால் என்ன அர்த்தம்? வருவாளா, மாட்டாளா? போன் போட்டால் அண்ணன் எடுப்பான். அந்த நான்கைந்து நாள் நான் பட்ட பாட்டை எழுத வராது. மாரியாயியைத் திட்டினேன், உடனே மன்னிப்புக் கேட்டேன், மறுபடி திட்டினேன்.

கிளம்பும் நாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். செம்மேடு நிறுத்தத்தில் அண்ணி இல்லை. பஸ் புறப்பட்டது. சரி, தனியாகப் போய்க் காலில் விழுந்து கேட்போம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்தில் பஸ் நின்றது. ஒயர் கூடையும், சாமைச் சோற்றுத் தூக்குப்போசியும், தோளில் ஒரு போர்வையுமாக அண்ணி ஏறினாள்.

"அண்ணன் என்ன சொல்லுச்சுங்க?" என்றேன்.

"என்னத்தச் சொல்லும்? ஒண்ணுஞ் சொல்லல. நான் சொல்லிட்டு வந்துட்டேன்." இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து என் மடியில் வைத்தாள். "கொடிக்குக் கீழ உதிர்ந்த மொளகு பொறுக்கி வித்தது. இது எங்காசு. இதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல."

மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வாந்தி எடுத்தாள் பாவம். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். யார் யாருக்குத் துணை என்று கண்டக்டரே குழம்பியிருப்பார்.

வார்டில் நர்ஸ் பேனாவோடு கேட்டார். "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" கொழுந்தனார் என்று சொல்லிவிடுவாளோ? சொன்னால் அவள் மேல் தப்பில்லை, அவள் கல்யாணமாகி வந்தபோது நான் அப்படித்தான் இருந்தேன். அண்ணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நாத்தனாருங்க. என்ற ஊட்டுக்காரரோட தங்கச்சி" என்றாள். நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நான் அழுதேன். மாரியாயி ஆளைத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் முழுதாக நம்பினேன்.

எங்கள் ஊரில் யாரும் கட்டிலில் படுப்பதில்லை, மாரியாயிக்கு ஆகாது. ஆபரேஷன் முடிந்து என்னைக் கட்டிலில் கிடத்தியபோது அண்ணி கட்டில் காலைத் தொட்டு, "இது உன் எல்லை இல்ல தாயே, கோவிச்சுக்காத" என்று முனகியது அரை மயக்கத்தில் எனக்குக் கேட்டது. அவள் கீழே போர்வை விரித்துப் படுத்தாள். ரத்தம் தோய்ந்த துணியை மாற்றினாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. கால் நல்லபடியாக இருந்தது. புண் ஆறியது. டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

செம்மேடு அறைக்குத் திரும்பிய பிறகு வேறு தவிப்பு பிடித்துக்கொண்டது. வைகாசியில் ஊர்த் திருவிழா. அன்றைக்கு முடி இறக்க வேண்டும். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் முடியை இழுத்துக் கட்டி, மொட்டை போட்டால் எப்படி இருப்பேன் என்று பார்ப்பேன். அப்பா மொட்டையடித்த அந்தப் பையன் எட்டிப் பார்ப்பான். இவ்வளவு பாடுபட்டுப் பெண்ணாகி, ஊர் நடுவில் போய் மறுபடி அவனாக நிற்பதா? அப்போதுதான் நான் வேண்டுதலைச் சொல்லக் கேட்ட அண்ணி, "பொம்பளைக்குப் பூமுடி குடுத்தாப் போதும் கண்ணு. மூணு கத்தரி. மாரியாயி ஒத்துக்குவா" என்றாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் கேட்டது முழு ஆளை. அவள் அரை ஆளை அனுப்பவில்லையே.

திருவிழா அன்று வேப்பமரத்தடியில் நாவிதர் உட்கார்ந்திருந்தார். அடிவாரத்திலிருந்து வந்தவர், என்னைத் தெரியாது. "மொட்டையாம்மா, பூமுடியா?" என்றார். "மொட்டைங்க" என்றேன். கத்தி ஓடியபோது கண்ணைத் திறக்கவே இல்லை. மடியில் முடி விழ விழ இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டேன். எழுந்தபோது தலையில் காற்று சில்லென்று பட்டது. ஊரே பார்க்கிறது என்று நினைத்தேன். அங்கே என்னைத் தவிர இன்னும் ஏழெட்டுப் பெண்கள் மொட்டைத் தலையோடு வரிசையில் நின்றார்கள். அதில் ஒருத்தி, என்னிடம் அதுவரை பேசாதவள், கிண்ணத்திலிருந்த சந்தனத்தை எடுத்து என் தலையில் அப்பிவிட்டு, "காதுக்குப் பின்னால விட்டுப்போச்சு, திரும்பு" என்றாள். திரும்பினேன்.

சாயங்காலம் செம்மேடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்தார். மலையிலேயே பைல் நாட்டுப் பக்கத்துக்காரர். என் தலையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கக்கா, எதுக்கு வேண்டிக்கிட்டீங்க? புள்ளைக்குங்களா?" என்றார்.

"இல்லீங்க, எனக்குத்தானுங்க. ஒடம்பு நேராகோணும்னு."

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூந்தல் இல்லாமல் என்னை யாரும் பெண் என்று நினைக்க மாட்டார்கள் என்று எத்தனை மாதம் செத்துப் பிழைத்தேன்! சாமிக்கு மொட்டை போட்ட ஒரு பொம்பளை, அவ்வளவுதான் அவருக்கு.

என்னைப் போலத் தவிக்கிறவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு இரண்டு வார்த்தை. மாரியாயியிடம் ஒளிக்காமல் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்வதில்லை. டாக்டரிடமும் ஒளிக்காமல் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். மாரியாயி என்னைக் காப்பாற்றியது ஊசியாலும், உதிர் மிளகாலும், வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ஒரு அண்ணியாலும்தான்.

அண்ணன் இன்னும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் போன சந்தையில், எதிரே வந்தவன் நின்று, "கால் இப்ப எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்கும் மாரியாயியிடம் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன். ரேவதி என்று அவன் ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவள்தான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கொடுப்பதற்கு எனக்கு முடி வளர வேண்டுமே.