அசைவில்லை என்று எழுதுங்கள்

என் வேலை எலிகளோடு. காரைக்காலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குத் தீனி வைப்பேன், கூண்டு கழுவுவேன், பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதுவேன். சில எலிகளைத் தினமும் சில மணி நேரம் திரும்பக்கூட முடியாத குழாயில் அடைத்து வைப்போம். வாரக்கணக்கில் அப்படி அடைபட்ட எலியைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால், மற்றவற்றைப் போல விளிம்பைப் பிறாண்டிக்கொண்டிருக்காது. கொஞ்சம் நீந்திப் பார்த்துவிட்டுச் சும்மா மிதக்கும்.

முதல் தடவை நான் "அமைதியாக இருக்கிறது" என்று எழுதினேன். ஆய்வை நடத்தும் பேராசிரியர் அம்மா அந்த வரியை அடித்துவிட்டார்.

"அமைதி இல்லங்க அது. அசைவில்லைன்னு எழுதுங்க. மூளையில நரம்புக்கு உரம் மாதிரி ஒரு வளர்ச்சிக் காரணி இருக்கு. ஓயாம நெருக்கடி குடுத்தா அது கொறைஞ்சிடும், நரம்போட கிளையெல்லாம் சுருங்கிடும். அப்பறம் முட்டிப் பாக்கணும்னே தோணாது."

நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

வரிச்சிக்குடியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. என் வீட்டுக்காரர் வாய்க்குத் தெருவே பயப்படும். அறுப்பு நேரத்தில் மேகம் கறுத்தால் வானத்தையே திட்டுவார்; மண்வெட்டியோடு தண்ணீரை வடிக்க ஓடுவார். இரண்டு வருஷம் சம்பா மழையில் போனது. திட்டுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, போன மார்கழியில் அடியோடு நின்றது. மகன் கோபம் தணிந்ததென்று மாமியார் அம்பகரத்தூர் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டார். நானும் கூடப் போய்க் கும்பிட்டேன். வீடு இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தை பிறந்ததும் மூன்று நாள் விடாத மழை. பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து கத்தினார்.

"அண்ணே, வரப்ப வெட்டிவிடலாம், வாங்க!"

இவர் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கதிரெல்லாம் தண்ணியில கெடக்கு. எழுந்திரிங்க."

"கெடக்கட்டும்."

வேண்டுமென்றே திட்டினேன். கையாலாகாதவர் என்றேன். செத்துப்போன அவர் அப்பாவையும் இழுத்தேன். பழைய ஆளாக இருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். "சரிம்மா" என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை.

வயலைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவிட்டு, இவரைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றினேன். எங்கே போகிறோம் என்றுகூட அவர் கேட்கவில்லை. மனநல டாக்டருக்கு எதிரில் உட்கார வைத்தேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்காரு?"

"ஒரு மாசமா இருக்குங்க டாக்டர்" என்று முந்திக்கொண்டேன்.

இவர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

"இவளுக்குத் தெரியாதுங்க. ரெண்டு வருஷமாச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா."