முப்பத்தொன்று வராத சுற்று

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். குசினி யன்னலுக்கு வெளியே முதலில் கண்டது ஒரு வெள்ளைப் பந்து. காலிபிளவர் இலைகளுக்குச் சற்று மேலே, பனிமூட்டத்துக்குள், அது இடமிருந்து வலமாக மிதந்து போயிற்று. வயலின் எல்லையில் நின்றது. திரும்பியது. பிறகு வலமிருந்து இடமாக, முன்னதைவிட வேகமாக வந்தது. யன்னலைத் திறந்த பிறகுதான் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ, ஒரு தலை போகுது," என்றாள் என் மனைவி.

தலைதான். ஹெல்மெட் போட்ட தலை. அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கார் இருந்தது. கதவில்லை, கூரையில்லை. ஒருவர் மட்டும் கால் நீட்டிப் படுத்தபடி ஓட்டும் கார். இலைகளின் உயரம்கூட அதற்கு இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னுக்கு மேற்கே வெரிபீயில், ஒரு டச்சுக் குடும்பத்தின் காய்கறித் தோட்டத்தின் பின்வீட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கொழும்பில் ஒன்பது வருடம் பத்திரிகை ஒன்றின் செய்தி மேசையில் இருந்தவன் நான். இங்கே ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்த என் மனைவி ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். வெரிபீயில் அப்போது எங்களைத் தவிர வேறு தமிழர் இருந்ததாக எனக்குத் தெரியாது. தட்டையான நிலம், வாய்க்கால்கள், காலிபிளவர், பொயிண்ட் குக் தளத்திலிருந்து எழும்பும் பயிற்சி விமானங்கள். எல்லாம் தூரத்திலேயே தெரிந்துவிடும். வருபவர் யார் என்று அடையாளம் கண்ட பிறகும் அவர் வந்து சேரக் கால்மணி நேரம் இருக்கும்.

சிவப்புக் காருக்குள் இருந்தவன் தோட்டக்காரரின் ஒரே மகன். இருபது வயது. நாலு வயதில் பெற்றோருடன் கப்பலில் வந்தவன். வாரத்தில் ஆறு நாள் காலிபிளவர் வெட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பந்தயங்களில், 'வீ' என்று அழைக்கப்பட்ட ஆரம்ப வகுப்பில் ஓடினான். வண்டு போன்ற சின்னக் கார்களின் எஞ்சினைப் பின்னால் வைத்து, ஒல்லியான நாலு ரயர்கள் பூட்டிய வகுப்பு அது. அவனுடைய காரின் இலக்கம் முப்பத்தொன்று.

அந்த வாரமே தகப்பன் எங்கள் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

"பத்திரிகையில் இருந்தாயாமே. வேகமாக எழுதுவாயா?"

"எழுதுவேன்."

"உன் மனைவிக்குக் கண் நல்லதா?"

பந்தயத்தில் ஒவ்வொரு அணியும் தனக்கென்று ஒரு சுற்றுத் தாள் வைத்திருக்கும். கோட்டைத் தாண்டும் கார்களின் இலக்கங்களை ஒருவர் வரிசையாகச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு வரி. அதுவரை இலக்கம் சொன்னவர் அவன் தாய். ஆனால் மகனுடைய கார் வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிவிடுவார். தாளில் மகனைத் தவிர எல்லோரும் இருந்தார்கள்.

இப்படித்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், ஓட்டத் தடத்தின் ஓரம், இரண்டு மடக்குக் கதிரைகளில் உட்காரத் தொடங்கினோம். என் மடியில் தாளும் பென்சிலும். கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம். மனைவி சேலைக்கு மேல் தொழிற்சாலைக் கோட் போட்டிருப்பாள். அவளுக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது; தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. ஓட்டியவர்களின் முகங்களையும் பார்த்ததில்லை. இலக்கங்களை மட்டும் பார்த்தாள். தமிழில் சொன்னாள்.

"நாலு, இருபத்திரண்டு, ஒன்பது, பதினாலு, பதினாலுக்குப் பின்னாலை ஆறு, முப்பத்தொண்டு."

முதல் நாளே அவளுடைய முறை மற்றவர்களுடையதிலிருந்து வேறு என்று கண்டேன். மற்ற அணிகளில் வந்த கார்களை மட்டும் சொன்னார்கள். இவள் கடைசிக் கார் போன பிறகு ஒரு மூச்சு விட்டு, வராதவற்றையும் சொன்னாள். "எட்டு இல்லை. பத்தொன்பது இல்லை."

"அதெல்லாம் தேவையில்லை," என்றேன்.

"வந்த பிள்ளையளைப் பாத்தால் தெரியும்தானே. இடாப்பு வராத பிள்ளையளுக்குத்தான்."

வரியின் கடைசியில், வராத இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சுழி போடச் சொன்னாள். அவளுடைய வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அப்படித்தானாம். அதன் பிறகு எங்கள் தாளில் எப்போதும் சுழிகள் இருந்தன.

அவனுடைய ஏற்றத்தை நான் பார்த்தது அந்தத் தாளில்தான். முதல் பருவத்தில் முப்பத்தொன்று வரியின் வலது ஓரத்தில் கிடந்தது. குளிர்காலம் முடியும்போது நடுவுக்கு வந்தது. கண்ணை உயர்த்திப் பார்த்தால் நிறங்கள் வழுக்கிக்கொண்டு போகும்; எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடியாது. குனிந்து தாளைப் பார்த்தால், ஒரு எண் வாரத்துக்கு ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பெற்றோல் மணமும் ஈரப் புல் மணமும் கலந்த அந்தப் பிற்பகல்கள் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதல் வெற்றி சிட்னியில். வெள்ளிக்கிழமை புறப்பட்டு, வான் வண்டிக்குப் பின்னால் காரை இழுத்துக்கொண்டு போனோம். நகரத்துக்கு மேற்கே காய்ந்த புல் மேடு. மரங்களில் சில்வண்டுகள் எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டன. பத்துச் சுற்றிலும் வரியின் முதல் எண் முப்பத்தொன்று. மனைவி அதைத் தவிர வேறு எதையும் முதலில் சொல்லவில்லை. அதே குரல், ஏற்றமோ இறக்கமோ இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த சிட்னிக்காரர் தன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது பிரார்த்தனையா?" என்று கேட்டார்.

"கணக்கு," என்றாள் ஆங்கிலத்தில்.

வெரிபீ திரும்பியதும் அவன் தாய் முற்றத்தில் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். மகனுக்கு மட்டுமல்ல, கணவருக்கு, எனக்கு, என் மனைவிக்கு, உரம் கொண்டுவந்த லொறிக்காரருக்கும் வாழ்த்துச் சொன்னார். அவர்களுடைய ஊர் வழக்கம் அது. ஒருவருக்கு நல்லது நடந்தால் அங்கே நிற்கும் எல்லோருக்கும் வாழ்த்து.

"நாங்கள் என்ன செய்தனாங்கள்?" என்று மனைவி என்னிடம் கேட்டாள். என்றாலும் கையைக் கொடுத்தாள்.

அடுத்த பருவம் அவன் மேல் வகுப்புக்குப் போனான். நீளமான கார், பெரிய எஞ்சின், அதே சிவப்பு, அதே இலக்கம்; ஒரு மைலுக்குக் கிட்டிய சுற்றை ஐம்பத்தைந்து செக்கனில் முடித்தான். எண் மறுபடியும் வலது ஓரத்துக்குப் போய், மறுபடியும் இடப்பக்கம் நகரத் தொடங்கியது. இதற்குள் எங்கள் தாளுக்குப் பெயர் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் மற்ற அணிக்காரர்கள் எங்கள் கதிரைகளைத் தேடி வந்தார்கள். மனைவி யாருக்கும் மறுத்ததில்லை. தாளைத் திருப்பிப் பிடிப்பாள், விரலால் காட்டுவாள். அவன் அவளை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். தமிழில் ஒரே ஒரு சொல் பழகியிருந்தான். கோப்பி இன்னும் இருக்கிறதா என்று தகப்பன் கேட்டால், "இல்லை" என்பான், மனைவியின் குரலிலேயே, ஒரு மூச்சு விட்டுவிட்டு.

அந்தப் பருவத்தின் முதல்வனுக்கு இங்கிலாந்தில் ஒரு வருடம் ஓட இடம் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அங்கேயிருந்துதான் மேல் வகுப்புகளுக்குப் போகலாம்; இங்கே இருந்தால் இதோடு சரி. கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். முப்பத்தொன்றும் பதினேழும். முப்பத்தொன்று இரண்டாவதாக வந்தால் போதும். அதற்குக் கீழே வந்தால் இடம் பதினேழுக்கு.

பதினைந்து சுற்றுகள். எட்டாவது சுற்றில் மழை தொடங்கியது. தடத்தின் மறுபக்க வளைவு மழைக்குள் மறைந்தது. கார்கள் ஒரு வெள்ளைச் சுவரிலிருந்து வெளியே வந்து, எங்களைக் கடந்து, இன்னொரு வெள்ளைச் சுவருக்குள் போயின. நாலாம் இலக்கம் முதலில், முப்பத்தொன்று இரண்டாவது, பதினேழு மூன்றாவது. ஒன்பது, பத்து, அதே வரிசை. தாளின் மேல் என் தொப்பியைக் குடையாகப் பிடித்தபடி எழுதினேன்.

பதினோராம் சுற்று.

"நாலு. பதினேழு. இருபத்திரண்டு. அஞ்சு. பன்னிரண்டு. முப்பது. ஏழு." ஒரு மூச்சு. "முப்பத்தொண்டு இல்லை."

சுழி போட்டேன்.

பன்னிரண்டாம் சுற்றில் நாலு வந்தது. அதன் வாலைப் பிடித்தபடி முப்பத்தொன்று. பிறகு பதினேழு. பார்ப்பவருக்கு எல்லாம் முன்புபோலவே இருந்தது. "முப்பத்தொண்டு, ஒரு சுற்றுக் குறைய," என்றாள் மனைவி. மூன்று சுற்று கழித்துக் கொடி விழுந்தபோதும் அதே வரிசையில்தான் கடந்தார்கள்.

நாலு மணிக்கு, அதிகாரிகள் இருந்து சுற்று எண்ணும் கோபுரத்தின் கீழே பலகையில் முடிவை ஒட்டினார்கள். முப்பத்தொன்று இரண்டாவது. மழையில் பதினோராம் சுற்றில் அவனைத் தாங்கள் காணத் தவறிவிட்டதாக நினைத்து, கோபுரத்தில் இருந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பியிருந்தார்கள். ஆட்சேபிக்க அரை மணி நேரம் உண்டு. தகப்பன் ஒவ்வொரு சுற்றிலும் மகனுக்கு அவனுடைய இடத்தை எழுதிக் காட்டும் பலகையோடு தடத்தோரம் நின்றவர். அவர் கண்டிருக்க வேண்டும். ரயர்களை வான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

நாலு பத்துக்குப் பதினேழை ஓட்டியவனின் மாமா வந்தார். மரியாதையான மனிதர். அந்தப் பருவத்தில் இரண்டு தரம் எங்கள் தாளைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனவர். மறுபக்கம் புல்லில் ஒரு சிவப்புக் கார் நின்றதைத் தன் மருமகன் கண்டதாகச் சொன்னார். இலக்கம் தெரியவில்லையாம்.

"பதினோராம் சுற்றை ஒருதரம் பார்க்கலாமா?"

தோட்டக்காரரின் மகன் மூன்றடி தள்ளி, கவிழ்த்த பெட்டி ஒன்றில், கழற்றிய சப்பாத்தோடு உட்கார்ந்திருந்தான்.

நான் மனைவியிடம் தமிழில் சொன்னேன். "தாள் நனைஞ்சு போச்சு. வாசிக்கேலாது எண்டு சொல்லலாம்."

"வாசிக்க ஏலும்தானே."

"பெடியன்ரை ரெண்டு வருசம்."

"எனக்குத் தெரியாதே? நான்தானே ரெண்டு வருசமும் சொன்னனான்."

"அப்ப?"

"போன மாசம் இதே மனுசனுக்குக் காட்டேக்கை பதினேழுக்கு நட்டம். அப்ப தாள் நனையேல்லை, என்ன?"

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவனும் பார்த்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டான்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவன் சப்பாத்தில்லாமல் ஈரப் புல்லில் நடந்து வந்து மனைவிக்கு முன்னால் நின்றான்.

"டீச்சர், பதினொன்றில் நான் எத்தனையாவது?"

அவள் தலையை ஆட்டினாள். "இல்லை."

அவன் தாளை வாங்கினான். வரியின் கடைசியில் இருந்த சுழியைப் பார்த்தான். பென்சில் மழையில் சற்றுப் பரவியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தொடப்போய், தொடாமல் நிறுத்தினான். பிறகு தாளை மாமாவிடம் நீட்டிவிட்டுச் சப்பாத்தைத் தேடிப் போனான்.

கோபுரத்துக்கு மனைவியைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். இலக்கம் தமிழில் சொல்லப்பட்டதா என்று கேட்டார்கள். ஓம் என்றாள். பதினோராம் வரியை அப்படியே சொல்லச் சொன்னார்கள். தாளைப் பார்க்காமல் சொன்னாள். மேசையில் இருந்த முதியவர், அவளுடைய வேகத்தைத் தொடர்ந்து, விரலால் தாளில் எண்ணிக்கொண்டே வந்தார். ஏழு எண்களுக்குப் பிறகு அவள் மூச்சு விட்டபோது அவருடைய விரலும் நின்றது.

வீடு திரும்பும்போது அவன்தான் வானை ஓட்டினான். தகப்பன் பக்கத்தில் தொப்பியை முழங்காலில் வைத்திருந்தார். மழை விட்டிருந்தது. வயல்களில் தேங்கிய தண்ணீர் வானத்தைவிட வெளிச்சமாக இருந்தது.

"எவ்வளவு நேரம் நின்றேன்?" என்று கேட்டான்.

"அந்தச் சுற்று இரண்டு நிமிடம் பத்துச் செக்கன்," என்றேன். "மழையில் ஒரு சுற்றுக்கு அறுபத்தைந்து. மிச்சம் அறுபத்தைந்து செக்கன் நின்றிருப்பாய்."

"பத்து என்று நினைத்தேன்."

பிறகு சொன்னான். கார் வழுக்கிப் புல்லுக்குள் சுழன்று எஞ்சின் நின்றதும் சத்தம் முழுவதும் போய்விட்டதாம். மழை சூடான குழாயில் விழுந்து ஆவியாகப் போனதாம். மஞ்சள் மூக்குள்ள ஒரு பறவை புல்லில் இருந்து வந்து, காரின் முன் சில்லைச் சுற்றி நடந்து, மறுபக்கம் போனதாம். அது போய் முடியட்டும் என்று இருந்தானாம்.

"பறவை போக எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார் தகப்பன்.

"எண்ணவில்லை."

தகப்பன் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பின் இருக்கையிலிருந்து தோள்கள் மட்டும் தெரிந்தன. மனைவி யன்னலில் தலை சாய்த்து நித்திரையாகியிருந்தாள், கையில் கோபுரத்தில் திருப்பித் தந்த தாளோடு.

புதிய முடிவுத் தாளை நாலு ஐம்பதுக்கு ஒட்டியிருந்தார்கள். அதில் முப்பத்தொன்று எட்டாவது. மார்ச் மாதம், பதினேழாம் இலக்கக் காரை ஓட்டியவன் இங்கிலாந்துக்குப் போனான்.