கணவாய்ப் பக்கம் சாய்ந்த முளைகள்

மாமா காணாமல் போன வருஷம்தான் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமா என்றால் அத்தையின் கணவர். லாரி ஓட்டினார். தொப்பூர் கணவாயில் டீ குடிக்க இறங்கியவர் திரும்பவே இல்லை என்று கிளீனர் வந்து சொன்னான். பள்ளத்தில் இறங்கித் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. கர்நாடகப் பக்கம் ஓடிப்போயிருப்பார் என்றார்கள் சிலர். ஏதோ காத்துக்கருப்பு அடித்திருக்கும் என்றார்கள் சிலர். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

முளைப்பாரிக்கு இருட்டு வேண்டும். அத்தை படுத்திருந்த உள்ளறையை ஒழித்து, மண்ணும் எருவும் நிரப்பிய சட்டிகளில் ஊறவைத்த சோளத்தைத் தூவி வைத்தார்கள். அத்தையின் பெட்டி மட்டும் மூலையில் இருந்தது. வயசுக்கு வராத பெண்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பதால் அந்த வேலை எனக்கு. குளித்துவிட்டு ஈரத்தலையோடு, யாரிடமும் பேசாமல் உள்ளே போக வேண்டும். பெருமையாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தியதும் அந்தப் பெருமை எங்கோ போய்விடும்.

அறைக்குள் யாரோ மூச்சு விட்டுவிட்டுப் போனதுபோல ஒரு வெதுவெதுப்பு. புளித்த வாசனை. முதலில் மண் லேசாகப் பிளந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாக ஊசிகள் கிளம்பின. இலை கிடையாது, பச்சை கிடையாது. கண் பழகப் பழக, இருட்டில் அவை மட்டும் வெளுத்துத் தெரியும். நேற்று மண்ணுக்குள் இருந்தது இன்று என் விரல் நீளம் நிற்கும். நான் வெளியே போனதும்தான் வளர்கின்றன, கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அசையாமல் நின்றுகொள்கின்றன என்று நான் நம்பினேன்.

ஒருநாள் காலையில் உள்ளே போனால், எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. எல்லாச் சட்டியிலும், ஒன்று பாக்கியில்லாமல், கழுத்தை வளைத்துக்கொண்டு கணவாய் இருக்கும் பக்கத்துச் சுவரைப் பார்த்தன. யாரோ கூப்பிட்ட குரலுக்கு ஒரு கூட்டமே திரும்பியதுபோல. செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆத்தாவைக் கூட்டிவந்தாள். ஆத்தா வாசற்படியைத் தாண்டவில்லை.

“சாவு இருக்கற பக்கந்தான் முளை சாயும்னு எங்கூர்ல சொல்லுவாங்க. எந்தப் பக்கம் பாக்குதுன்னு நீங்களே பாருங்க.”

அத்தை ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நெசமாங்களா ஆத்தா? தப்பாக் காட்டாதுங்களா?”

“சாமிக்குப் போட்டது பொய் சொல்லுமா?”

அத்தை அழவில்லை. அன்று சாயங்காலம் களியை இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கிணற்றடியில் பாத்திரம் விளக்கும்போது மெல்ல ஏதோ பாடினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. மறுநாள் யாரும் சொல்லாமலே பொட்டை அழித்துவிட்டு வந்து நின்றாள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று அம்மா அப்பாவிடம் கிசுகிசுத்தாள். அத்தை பக்கத்தில் படுக்க எனக்குப் பயமாக இருந்தது.

சித்தப்பா அப்போது சேலத்துக் காலேஜில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்கு வந்தவர், தன் அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் கத்தினார். “சோள முளை சொல்லுச்சுன்னு எங்கக்காவத் தாலியறுத்தவளாக்கிட்டீங்களா?”

நேராக உள்ளறைக்குள் போனார். வீடு கட்டும்போது சாரக் கம்பு சொருகிய ஓட்டை ஒன்று அந்தச் சுவரில் உண்டு. பழந்துணி அடைத்து வைத்திருப்போம். துணி இல்லை.

“யாரு இதை எடுத்தது?”

“நாந்தான்,” என்றாள் அத்தை. “சீல எடுக்க வர்றப்ப ரோட்டப் பாக்கலாம்னு.”

புருஷனை எதிர்பார்த்து நின்றிருக்கிறாள் என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சித்தப்பா அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளை எடுத்தார். “இலை உள்ள சுருண்டு கெடக்குதுங்க. வெளிய தெரியறது வெறும் உறை. அதோட நுனிக்குத்தான் வெளிச்சம் தெரியும். தெரிஞ்சதும் நிழல் விழற பக்கம் வேகமா வளரும், அதனால வளையுது. அவ்வளவுதான்.” ஒரு சட்டியில் பாதி முளைகளின் நுனிக்குக் குட்டிக் குட்டித் தொப்பிகளாக ஈயத்தாளை மாட்டினார். சட்டியைப் பின்புறமாகத் திருப்பி வைத்தார்.

மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். தொப்பி இல்லாதவை மறுபடியும் ஓட்டைப் பக்கம் திரும்பியிருந்தன. தொப்பி போட்டவை எந்தப் பக்கமும் பார்க்காமல் விறைத்து நின்றன. பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டத்தான் அதைச் செய்தார். எனக்கோ அதுதான் கூடுதல் பயம். கண் இல்லை என்று நினைத்த ஒன்றுக்குக் கண்ணைக் கட்ட முடிந்துவிட்டதே.

“பாத்தியாக்கா? மாமா உசுரோடதான் இருப்பாரு. போய்ப் பொட்டு வெச்சுக்கோ.”

அத்தை சட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு குரலை யாரும் எழுப்பியதில்லை. வெளியே கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை என்றார்கள். சித்தப்பா கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

முளைப்பாரி ஏரியில் கரைந்து கொஞ்ச நாளில் மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஓனரோடு தகராறாம், ஹூப்ளியில் வேறு லாரி ஓட்டினாராம். தாடி வளர்ந்திருந்தது. அத்தைக்குப் புதுப் புடவை வாங்கி வந்திருந்தார். அப்பா கோழி அடித்தார். சித்தப்பாவின் படிப்பை ஊரே மெச்சியது.

“நான் இங்கயே இருந்துக்கறேண்ணா,” என்றாள் அத்தை.

“இன்னும் கோவமா?” என்று அப்பா சிரித்தார்.

புடவை மாற்ற அத்தை உள்ளறைக்குப் போனாள். நான் புதுப் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரவிக்கையைக் கழற்றியபோது அவள் முதுகிலும் தோளுக்குக் கீழேயும் வட்ட வட்டமாகத் தழும்புகள். எல்லாம் ஒரே அளவு.

“அம்மை போட்டுச்சா அத்தே?”

“ஆமா கண்ணு,” என்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பாப்பா, பீடிக்குக் கொஞ்சம் நெருப்பு கொண்டா,” என்று வாசலிலிருந்து மாமா கூப்பிட்டார். அவரிடம் நல்ல பிள்ளை என்று பேர் வாங்க வேண்டுமென்று, அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு ஓடினேன்.