மூன்றாம் நம்பர் மீட்டர்

நீங்கள் நம்பப்போவதில்லை, அது எனக்கே தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவேன், அது வேறு. என் தொழில் மீட்டர் பார்க்கிற தொழில். நெய்வேலி தெர்மலில் கான்ட்ராக்டில் பாய்லர் மீட்டர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவன். ஊசி தப்பாகக் காட்டினால் ஒன்று மீட்டர் கெட்டிருக்கும், இல்லையென்றால் கம்பி கெட்டிருக்கும். மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அந்த வேலையைப் போட்டுக்கொடுத்தவர் தனபால், மந்தாரக்குப்பத்தில் லேபர் கான்ட்ராக்டர். மைன்ஸுக்கு மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன பழைய வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். இன்ஜின் பின்பக்கம், ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றாலேயே ஆற வேண்டிய இன்ஜின். பெண்டாட்டி பிள்ளைகளைவிட அதன்மேல்தான் அவருக்குப் பிரியம். ஓட்டியவன் காசி, மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன், வாயில்லாப்பூச்சி, என்னை சவரி அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

நெய்வேலியில் இருந்தவர்களுக்குத் தெரியும், காலையில் துடைத்த ஜன்னல் சாயங்காலம் கரியாக இருக்கும், அதனால் வீட்டில் எங்கே துவாரம் இருந்தாலும் வலை அடித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். வேனுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காற்று போக வழி இருக்கும், அதில் கரித்தூள் நுழைகிறதே என்று, யாரும் கேட்காமலே, கொசுவலையை நாலாக மடித்து உள்பக்கம் கட்டினேன். மூளை என்று ஒன்று இருந்தால் செய்திருப்பேனா? காற்றால் ஆறுகிற இன்ஜினுக்கு நானே மூக்கைப் பொத்திவிட்டேன். பத்தே நாளில் வடலூர் ரோட்டில் இன்ஜின் சூடேறி இறுகிப் பிடித்துக்கொண்டது, மூன்றாவது சிலிண்டர் கரிந்துபோனது. இழுத்து வந்து ஷெட்டில் விட்டதும், தனபால் வருவதற்குள் வலையைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். காசி முன்சீட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

தனபால் வந்தார், மூலையில் கிடந்த பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்தார்.

"அண்ணே, சூடாவுதுன்னு எனக்கு எப்டிங்க தெரியும், ஒரு மீட்டர்கூட இல்லீங்களே" என்று காசி ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கும் சேர்த்து விழுந்தது. கீழே தள்ளி, கழுத்தில் செருப்புக்காலை வைத்து, முதுகிலும் விலாவிலும் பட்டு பட்டு என்று. பெல்ட் சலித்ததும் வீல் ஸ்பேனர். விலா உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். வலையை வைத்தது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அந்த அடி எனக்கு விழும், என்றைக்காவது பெர்மனன்ட் ஆகலாம் என்கிற ஆசையும் போகும். கசங்கிய வலை வயிற்றில் உறுத்திக்கொண்டே இருந்தது, நான் அசையவில்லை. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

காசியை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சிறுநீரில் ரத்தம் போனதாம், கடுங்காய்ச்சலாம், மூன்றாம் நாள் செத்துப்போனான். காய்ச்சலில் போய்விட்டான் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள், நானும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, கடலூரில் இன்ஜின் வேலை முடிந்து வேன் வந்தது. தனபால் என்னைக் கூப்பிட்டார். "அவன் சொன்னதுல ஒன்னு கரெக்ட்டுடா. மீட்டர் இருந்தா பாத்துகினு ஓட்டலாம். நீயே வெச்சிக் குடு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், சத்தியமாகச் சிரித்தார்.

காயலான் கடையில் பழைய பாய்லர் மீட்டர் நாலு பொறுக்கினேன். சிலிண்டருக்கு ஒன்று. ஒவ்வொரு பிளக்குக்கும் அடியில் ஒரு வளையம், அதிலிருந்து இரண்டு கம்பி, முன்னால் ஸ்டீயரிங் பக்கத்தில் மீட்டர். பேட்டரிகூட வேண்டாம், சூடுதான் ஊசியைத் தள்ளும். மார்கழி மாதம், காலை பத்து மணி இருக்கும், நல்ல வெளிச்சம். வேலை செய்யும்போது பேட்டரி கம்பியைக் கழற்றிவிடுவது என் வழக்கம், கழற்றியிருந்தேன். சாவி என் சட்டைப்பையில். முதல் நாளிலிருந்து இன்ஜினை யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை.

கடைசிக் கம்பியை முடுக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற மூன்று ஊசியும் முப்பது டிகிரி செல்சியசுக்குக் கீழே, ஊர்ச்சூட்டில் நிற்கின்றன. மூன்றாம் நம்பர் மட்டும் நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. மீட்டர் கோளாறு என்று இரண்டையும் மூன்றையும் மாற்றி மாட்டினேன். இப்போது அந்த மீட்டர் சரியாகக் காட்டியது, மூன்றாம் சிலிண்டருக்கு வந்த மீட்டர் நாற்பதுக்கு ஏறியது. கம்பியை மாற்றினேன், வளையத்தை மாற்றினேன், அதேதான். பின்னால் போய்க் கையை விட்டுத் தொட்டேன். மற்ற மூன்று பிளக்கும் ஜில்லென்று இருந்தன, மூன்றாவது, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் தனபால் வந்தார். ஒன்று மட்டும் சூடு காட்டுகிறது என்றேன். என்னை முன்னால் போய் ஊசியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தோளில் துண்டோடு பின்னால் குனிந்து, "எங்கடா சூடு" என்று கையை உள்ளே விட்டார். நான் டிரைவர் சீட்டிலிருந்து பார்க்கிறேன். ஊசி நாற்பதைத் தாண்டியது, நூறு, இருநூறு, கடைசி ஆணியில் போய் இடித்து நடுங்கியது. இன்ஜின் சுற்றியது. ஸ்டார்ட் ஆன சத்தம் இல்லை, வெடி இல்லை, புகை இல்லை. பெல்ட் சதையில் விழுகிற சத்தம் மட்டும், அன்றைக்குக் கேட்ட அதே பட்டு பட்டு.

ஓடிப்போய்ப் பார்த்தால் துண்டோடு சேர்த்துக் கை இன்ஜினின் ஃபேன் பெல்ட்டில் சிக்கி முழங்கை வரை உள்ளே போயிருக்கிறது, முகத்தை இழுத்து இழுத்துத் தகரத்தில் மோதுகிறது, பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. ஹாக்ஸா பிளேடு என் கையில் இருந்தது. ஆனால் ஒரு நிமிஷம் நான் சும்மா நின்றேன், இதையும் சொல்லிவிடுகிறேன், பயத்தில் இல்லை, அடிபடட்டும் என்றுதான் நின்றேன். அப்புறம்தான் பெல்ட்டை அறுத்தேன்.

மூன்று விரல் போனது, கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, உயிர் பிழைத்தார். சாவி போட்டு இன்ஜினைச் சுற்றவிட்டவன் நான்தான் என்று ஊரெல்லாம் சொன்னார். கழற்றிய பேட்டரி கம்பியைக் காட்டினேன், யாரும் பார்க்கவில்லை. என் கான்ட்ராக்ட் போனது. அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை.

அவருக்கு அடிபட்ட அன்றைக்கே சாயங்காலம் மீட்டர்களைக் கழற்றப் போனேன். நாலு ஊசியும் ஒரே அளவில், முப்பதுக்குக் கீழே நின்றன. அப்பாடா என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாம் ஊசி மெல்ல நகர்ந்து, நாற்பதுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நான் இறங்கினால் ஊசியும் இறங்குகிறது, உட்கார்ந்தால் ஏறுகிறது.

மறுநாளே மேல்பட்டாம்பாக்கம் போனேன். காசியின் பெண்சாதி வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது. இன்னார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தது.

"சவரி அண்ணன்றது நீங்கதானுங்களா" என்றது. "காச்சல்ல கெடந்தப்ப உங்க பேரத்தான் சொல்லிகினே இருந்தாருங்க. சவரி அண்ணே, வலைய எடுங்க, மூச்சு முட்டுதுன்னு. வூட்ல ஏதுங்க வலை, நாங்க பாய்லதான் படுக்கறது. அது இன்னா வலைங்க?"

அவன் பார்த்திருக்கிறான். அந்த அடியிலும் என் பேரை வெளியே விடவில்லை. நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு, வேறு ஏதோ மழுப்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். இன்றுவரை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

இப்போது எனக்கு மந்தாரக்குப்பத்தில் சின்ன எலக்ட்ரிக் கடை. அன்றைக்குக் கழற்றிவந்த மூன்றாம் நம்பர் மீட்டர் என் நாற்காலிக்கு மேலே சுவரில் தொங்குகிறது, கம்பி எதிலும் கோக்கவில்லை, தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. கதை விடுகிறான் என்று தோன்றினால் நீங்களே வந்து பாருங்கள். சித்திரை வெயிலில் வராதீர்கள், அப்போது ஊரே நாற்பதில் இருக்கும், ஒன்றும் தெரியாது. மார்கழியில் வாருங்கள், காலையில், நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வந்து ஊசியைப் பாருங்கள்.