அமாவாசைப் பட்டினி

தா.பழூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டி கட்டி, வெள்ளை இறாலையும் ஆற்று இறாலையும் ஒன்றாக விட்டிருந்தோம். வயிறு நிறைந்திருக்கும்வரை தொல்லையில்லை. தோலுரிக்கும் நாளில்தான் ஆபத்து. தோலுரித்த வெள்ளை இறால் பஞ்சு போலக் கிடக்கும். பசித்த ஆற்று இறால் அதை விடாது. பெரும்பாலும் அமாவாசையை ஒட்டித்தான் அவை தோலுரிக்கும்.

ஆடி அமாவாசையன்று, செத்துப்போன மாமனாருக்குப் படையல். தீவனம் போடக் கிளம்பிய என்னைக் கணவர் மறித்தார். தீவனத்தில் மீன்தூள் இருக்கிறதாம்.

"வெரத நாள்ல கவிச்சியத் தொடுவியா? ஒரு நாள் பட்டினி கெடந்தா செத்தா போயிடும்?"

"பசிச்சா ஒன்ன ஒன்னு தின்னுடும்ங்க."

தீவன அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வலை போட்டால் ஆற்று இறால்கள் மட்டுமே வந்தன. தொட்டியின் அடியில் வெள்ளை இறால்களின் தலைகள் குவிந்து கிடந்தன. அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்தோட வெரதம் முடிஞ்சிடுச்சில்ல. பெருசா நாலு எடுத்துக் கொழம்பு வையி."

வைத்துத் தொலைத்தேன். அவர் இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.